ஸ்போர்ட் மாடல் பிரேக்கைச் சின்ன காரில் மாட்டிய பிறகு: பெடல் காட்டும் குறைகளும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தோடு போய்விட்டு இறங்கிய ஒரு மாலையில், பாதி வழியிலேயே கருகிய வாடை வந்தது. அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிட ஒரு அங்குலம் கூடுதலாக இறங்கியது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்ற பிறகுதான் கீழே வந்தோம். பிரேக்கை மாற்றியே தீருவது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அதே கம்பெனி, அதே பாடி, ஆனால் பெரிய எஞ்சினோடு வந்த ஸ்போர்ட் மாடலின் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) காலிபரும் (அந்தத் தட்டை இரண்டு பேட்களால் கவ்விப் பிடிக்கும் பாகம்) சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் கிடைத்தன. மாட்ட ஒரு நாள் ஆனது. மாட்டியதை ஒழுங்காக வேலை செய்ய வைக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்திலும், அதன் பிறகு மதுரையில் நண்பர்களின் வண்டிகளிலும் பார்த்த குறைகளை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

என் வண்டியின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயரைச் சொன்னால் யாராவது அளவெடுக்காமலே அந்தச் சாமானை வாங்கிவிடுவார்கள். நம் ஊரில் சின்ன கார்களின் வேகமான பதிப்புகளில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்கோடு வந்தவை சில உண்டு: 2017-ல் வந்த பலேனோ ஆர்.எஸ்., அதற்கு முன் வந்த புன்ட்டோ அபார்த், 2021-ல் வந்த ஐ20 என் லைன். அதே சமயம் போலோ ஜிடி டி.எஸ்.ஐ. பின்னால் டிரம்மோடுதான் (லைனிங் உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பழைய வகை பிரேக்) விற்பனையானது. ஸ்போர்ட் என்று பெயர் இருப்பதால் மட்டும் பிரேக்கும் பெரிதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காசு கொடுக்கும் முன் வெர்னியரை வைத்து அளந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் பழைய பிரேக்கால் சக்கரத்தை லாக் பண்ண முடிந்தால், அல்லது ஏ.பி.எஸ். (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும் அளவுக்கு அழுத்த முடிந்தால், பெரிய பிரேக் போட்டாலும் ஒரு தடவை அடித்து நிறுத்தும் தூரம் குறையாது. அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் தெம்பு. 1000 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அடுத்தடுத்து சுமார் 25 தடவை முழுசாக நிறுத்திய சூடு அந்த நாலு சக்கரத்துக்குள் போகிறது. வண்டியின் எடை எவ்வளவானாலும் இந்தக் கணக்கு மாறாது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரைக்குள் காளவாசல் சிக்னலுக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் ஓட்டுகிறவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. நல்ல டயரும் புது பிரேக் ஆயிலும் போட்டாலே போதும்.

கீழே வரும் ஒவ்வொரு குறைக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. பிரேக்கில் எந்தச் சாமானும் தனியாக இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி உண்டு. காலிபருக்கு மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பாகம்), டிஸ்க்குக்கு ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பாகம்), முன் பிரேக்குக்குப் பின் பிரேக், ஹேண்ட் பிரேக் கேபிளுக்குக் காலிபர் லிவர். ஸ்போர்ட் மாடலிலிருந்து ஒன்றை மட்டும் கழற்றி வரும்போது அதன் ஜோடியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். எந்த ஜோடி பிரிந்தது என்பதைப் பெடல்தான் காட்டிக்கொடுக்கும்.

மாட்டி முடித்ததும் சாலையில் எடுக்காதீர்கள். முதலில் எஞ்சினை நிறுத்தி வைத்தே மிதித்துப் பாருங்கள். பிறகு எஞ்சின் ஓடும்போது மிதியுங்கள். பிறகு வீட்டு வாசலில் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். இந்த மூன்றில் எதில் சந்தேகம் வந்தாலும் வண்டி ஜாக்கிக்கே திரும்ப வேண்டும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காற்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

நான் மூன்று தடவை ஏர் எடுத்தேன், அதாவது ஆயிலோடு சேர்த்துக் காற்றை வெளியேற்றும் வேலையைச் செய்தேன். ஒரு லிட்டர் பிரேக் ஆயில் போனது. குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை, ஆனாலும் பெடல் பஞ்சாகவே இருந்தது. கடைசியில் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து சக்கரத்துக்குள் ஒரு பார்வை பார்த்தார். "அங்கிட்டு மாட்ட வேண்டியத இங்கிட்டு மாட்டியிருக்க தம்பி. நிப்பிள் எங்க இருக்குன்னு பாரு." நிப்பிள், அதாவது ஏர் எடுக்கத் திறக்கும் சின்னத் திருகு, காலிபரின் அடியில் இருந்தது. இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தேன். போல்ட் ஓட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் மாட்டும்போது எந்தத் தடங்கலும் தெரியவில்லை. காற்று மேலே போய் நிற்கும். நிப்பிள் கீழே இருந்தால் ஆயில் மட்டும்தான் வெளியே வரும், காற்று அங்கேயே உட்கார்ந்திருக்கும். மாற்றி மாட்டி ஒரே தடவை ஏர் எடுத்ததும் பெடல் கெட்டியானது. பழைய சாமான் வாங்கும்போதே எது எந்தப் பக்கம் என்று பெயின்டில் எழுதி வைத்துவிடுங்கள். மாட்டிய பிறகு நிப்பிள் காலிபரின் உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிப்பிள் சரியாக இருந்தும் பெடல் பஞ்சாக இருந்தால், எந்தச் சக்கரம் என்று பிரித்துப் பார்க்கலாம். ரப்பர் ஹோஸை நசுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஸ்பேர் கடைகளில் கிடைக்கும். முனை மழுங்கலாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு ஹோஸைப் பிடித்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். பிடித்ததும் பெடல் கெட்டியானால் குறை அந்தச் சக்கரத்தில். எல்லா ஹோஸையும் பிடித்தும் பஞ்சாகவே இருந்தால், மாஸ்டர் சிலிண்டரிலோ ஏ.பி.எஸ். யூனிட்டிலோ காற்று இருக்கிறது. வேலையின்போது ஆயில் டப்பா முழுசாகக் காலியாகிவிட்டால் ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று ஏறிவிடும். அதைப் பெடலை மிதித்து வெளியேற்ற முடியாது. ஸ்கேனர் வைத்து உள்ளே உள்ள வால்வையும் பம்பையும் இயக்கித்தான் எடுக்க வேண்டும். டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு ஆளை நிறுத்துங்கள்.

பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், முதலில் வெளியே எங்காவது ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஹோஸைக் காலிபரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டில் பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருந்தால் அங்கே கசியும். வாஷர் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். போல்ட்டின் புரியும் கவனிக்க வேண்டியது: 10 மி.மீ. போல்ட்டில் 1.0 புரியும் உண்டு, 1.25 புரியும் உண்டு. இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகினால் பலம் போடாதீர்கள், கழற்றி அளந்து பாருங்கள். இரும்புக் குழாயின் நுனி வடிவமும் ஜப்பான் வண்டிகளுக்கும் ஐரோப்பிய வண்டிகளுக்கும் பெரும்பாலும் வேறு. ஒன்றை மற்றொன்றில் இறுக்கினால் இப்போதைக்கு நிற்கும், பிறகு கசியும்.

வெளியே எங்கும் கசிவு இல்லாமல் பெடல் இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் கிழிந்திருக்கிறது. இது பல சமயம் நாமே வரவழைத்துக்கொள்வது. ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதித்தால், வருஷக்கணக்காகச் சீல் போகாத, துரு படிந்த இடத்துக்குப் போய் உரசிக் கிழிகிறது. அதனால் ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிடுங்கள். பாதிக்கு மேல் இறங்காது.

பெடல் கெட்டிதான், ஆனால் ஆழத்தில் போய்த்தான் பிடிக்கிறது

இதைப் பஞ்சுப் பெடலோடு குழப்பிக்கொண்டு திரும்பத் திரும்ப ஏர் எடுக்கிறவர்கள் நிறைய. வித்தியாசம் காலில் தெரியும். பஞ்சுப் பெடல் அழுத்த அழுத்த அமுங்கிக்கொண்டே போகும். இது ஒரு இடம் வரை சும்மா இறங்கி, அங்கே சுவர் மாதிரி நிற்கும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. பழைய காலிபரின் பிஸ்டன் 48 மி.மீ., ஸ்போர்ட் காலிபரின் பிஸ்டன் 54 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 27 சதவீதம் கூடுகிறது. பிஸ்டன் அதே தூரம் நகர 27 சதவீதம் அதிக ஆயில் வேண்டும். அந்த ஆயிலைத் தள்ளப் பழைய மாஸ்டர் சிலிண்டர் அதிக தூரம் போக வேண்டும், கூடவே பெடலும் போகிறது. இதற்குத்தான் ஸ்போர்ட் மாடலில் மாஸ்டர் சிலிண்டரையும் பெரிதாக வைப்பது வழக்கம். பல மாஸ்டர் சிலிண்டர்களின் உடம்பிலேயே அளவு வார்ப்பில் இருக்கும்: 13/16 என்றால் 20.64 மி.மீ., 7/8 என்றால் 22.22 மி.மீ. இந்த இரண்டுக்கும் பரப்பில் சுமார் 16 சதவீத வித்தியாசம். காலிபர் வாங்கும்போதே அதே வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையும் கேட்டு வாங்குங்கள்.

மாஸ்டரை மாற்றும் முன், காசு செலவில்லாத காரணத்தைப் பார்த்துவிடுங்கள். பின்னால் டிரம் இருந்தால் லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி சரியாக இருக்கிறதா? பின்னால் டிஸ்க் போட்டிருந்தால் ஹேண்ட் பிரேக் கேபிளை முன்கூட்டியே இறுக்கிவிட்டீர்களா? கேபிள் இறுக்கமாக இருந்தால் காலிபருக்குள் இருக்கும் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு வேலை செய்யாது. பேட் தூரத்திலேயே நிற்கும், பெடல் ஆழமாகப் போகும். எனக்கு ஆழத்தில் பாதியைக் குறைத்தது கேபிளைத் தளர்த்தியதுதான்.

மேடுபள்ளமான ரோட்டில் போன பிறகு மட்டும் முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டாவது மிதி மேலே வந்தால், வீல் பேரிங் ஆடுகிறது அல்லது டிஸ்க் நேராகச் சுற்றவில்லை. சுற்றும் டிஸ்க் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது

எஞ்சினை நிறுத்திப் பெடலை ஐந்து தடவை மிதியுங்கள். ஆறாவது தடவை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், கால் பலத்தைப் பெருக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை. மாஸ்டர் சிலிண்டரை மாற்றும்போது தள்ளிவிட்ட ஹோஸோ, அதிலுள்ள ஒருவழி வால்வோ காரணமாக இருக்கும். மிதித்துப் பிடித்திருக்கும்போது காலடியில் விடாமல் 'உஸ்' என்று சத்தம் கேட்டால் பூஸ்டரின் உள்ளே டயஃப்ரம் போயிருக்கலாம்.

பூஸ்டர் நன்றாக இருந்தால், மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மாஸ்டரை மட்டும் பெரிதாக்கி, காலிபரைப் பழையதாகவே விட்டால், அதே கால் பலத்துக்கு அழுத்தம் சுமார் 14 சதவீதம் குறைந்துவிடும். பெடல் உயரமாக, கெட்டியாக, கம்பீரமாகத் தெரியும், பிடிமானம் இருக்காது. அடுத்த சந்தேகம் பேட். ரேஸுக்கென்று விற்கும் பேட்கள் சூடான பிறகுதான் கடிக்கும். காலையில் வீட்டிலிருந்து பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது, முதல் சிக்னலில் அவை சும்மா வழுக்கும். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு நல்ல கம்பெனியின் தெருப் பேட் போதும், அதுதான் பாதுகாப்பும்.

ஒரு பக்கம் இழுக்கிறது

டயர் காற்றைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பிறகு ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடாமல், டயரில் உரசாமல் இருக்கிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். அடுத்து கைடு பின், அதாவது காலிபர் வழுக்கி நகரும் கம்பி. பழைய காலிபரில் பின் துருப்பிடித்து இறுகியிருக்கும். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். வீட்டில் இருக்கிற சாதா கிரீஸைத் தடவினால் ரப்பர் பூட் ஊதி, பின் முன்னைவிட மோசமாக மாட்டிக்கொள்ளும்.

வேலை செய்யும்போது காலிபரை ஹோஸிலேயே தொங்கவிட்டிருந்தால், ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்து ஒருவழிப் பாதையாகியிருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், விடும்போது திரும்பாது. அப்போது மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கும், விட்ட பிறகும் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கும். காலிபரை ஒரு கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பிரேக் விடவில்லை, சக்கரம் கொதிக்கிறது

ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். தொடாதீர்கள், அனலே சொல்லிவிடும். சூடு அளக்கும் துப்பாக்கி இருந்தால் இன்னும் நல்லது.

நாலு சக்கரமும், அல்லது முன் இரண்டும் சேர்ந்து பிடித்தால், மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாருங்கள். வேறு மாடலின் மாஸ்டரைப் போட்டிருந்தால் பூஸ்டரிலிருந்து வரும் தள்ளுகம்பி அதற்கு நீளமாக இருக்கலாம். பெடலை விட்ட பிறகும் கம்பி பிஸ்டனைக் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கும். ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்ன ஓட்டை மூடியே கிடக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து, பிரேக் தானாகவே இறுகும். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி: பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, சரிவில்லாத இடத்தில் நிறுத்தி, மாஸ்டரைப் பூஸ்டரோடு இணைக்கும் இரண்டு நட்டையும் மூன்று மி.மீ. தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கம்பிதான் நீளம். விடுபடவில்லை என்றால் அந்தச் சக்கரத்தின் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் சுற்றினால் ஹோஸ் அல்லது குழாய் அடைப்பு. அப்போதும் சுற்றாவிட்டால் காலிபர் பிஸ்டனோ கைடு பின்னோ ஜாம். இந்த வரிசையை மாற்றாமல் செய்தால் கால் மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

பிரேக் போட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது

"டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் டிஸ்க் நேராகத்தான் இருக்கும், அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் சுத்தமாக இருக்காது. ஹப் முகத்தில் ஒரு துருச் செதில் 0.05 மி.மீ. கனத்தில் இருந்தால், டிஸ்க்கின் விளிம்பில் அது இரண்டு மடங்காகத் தெரியும். டிஸ்க்கை மாட்டும் முன் ஹப்பை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேயுங்கள், நட்டு ஸ்டட்களின் வேர் வரைக்கும். டயல் கேஜை (ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அதிகம் ஆடினால் டிஸ்க்கை ஒரு ஓட்டை தள்ளித் திருப்பி மாட்டி மறுபடி அளந்தால் பல சமயம் சரியாகிவிடும்.

டிஸ்க்கின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அது நடுவில் உட்காராது. லேத்தில் திருத்தும்போது விளிம்பில் அச்சடித்திருக்கும் குறைந்தபட்ச கனத்தைப் பார்க்காமல் கடைய விடாதீர்கள். அந்த அளவுக்குக் கீழே போன டிஸ்க் காயலான் கடைக்குத்தான் போக வேண்டும். வீல் நட்டை டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் தாறுமாறாக இறுக்கினாலும் இதே நடுக்கம் வரும். எதிரெதிராக, டார்க் ஸ்பேனரால், கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து, சில நூறு கிலோமீட்டர் கழித்து நடுக்கம் வந்தால், பேட் சரியாகப் பழகவில்லை. சூடான டிஸ்க்கில் வண்டியை அசையாமல் நிறுத்தும்போது பேடின் பொருள் ஒரே இடத்தில் அப்பிக்கொள்கிறது. புது பேட் போட்டதும், அதிகாலையில் பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, நான்குவழிச் சாலையில் 60-லிருந்து 10 வரை எட்டுப் பத்துத் தடவை பிடியுங்கள். இடையில் முழுசாக நிறுத்தக் கூடாது. பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிஷம் ஓட்டி ஆறவிடுங்கள். கீச்சுச் சத்தமும் பாதிக்கு மேல் இதிலேயே அடங்கும். மீதிச் சத்தத்துக்குப் பேடின் பின்னால் உள்ள தகட்டைப் போட மறந்தீர்களா என்று பாருங்கள்.

பின் சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆகிறது, அல்லது ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது

உயிரோடு விளையாடும் குறைகளில் இது முக்கியமானது. பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. அந்த நேரத்தில் பின்னால் பலம் அதிகமானால் வண்டி பம்பரமாகச் சுற்றும். முன் சக்கரம் லாக் ஆனால் வண்டி நேராகவாவது போகும்.

பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு ஸ்போர்ட் மாடலின் டிஸ்க்கைப் போட்டு, முன்னால் பழையதையே விட்டவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. பார்க்க அழகாக இருப்பதால் பின் டிஸ்க் மேல் ஆசை அதிகம். ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டியில் பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு அந்த டிரம்முக்கு அளந்து வைத்தது. ஏ.பி.எஸ். வண்டியில் சக்கர வேகத்தைப் பார்த்துப் பின் அழுத்தத்தைக் குறைக்கும் வேலையை அந்த யூனிட் செய்யும், ஆனால் அதன் கணக்கும் பழைய பிரேக்குக்கு எழுதியதுதான். சந்தேகம் இருந்தால் ஆளில்லாத மண் மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்திப் பிடித்து, வெளியே நிற்கும் நண்பரிடம் எந்தச் சக்கரம் முதலில் நின்றது என்று கேளுங்கள். பின் சக்கரம் என்று சொன்னால், அந்த வண்டி முன்னும் பின்னும் ஸ்போர்ட் மாடலின் முழுச் செட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் டிரம்முக்கே திரும்ப வேண்டும். நடுவழி ஒன்றும் நான் பார்க்கவில்லை.

ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் முதலில் ஸ்கேனர் வைத்துப் பிழைக் குறியீட்டைப் படியுங்கள். நக்கிளையோ (ஹப்பைத் தாங்கும் பாகம்) ஹப்பையோ சேர்த்து மாற்றியிருந்தால், சென்சார் எண்ணும் வளையத்தின் பற்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தாலும், அந்தச் சக்கரம் மட்டும் வேறு வேகத்தில் ஓடுவதாக யூனிட் நினைக்கும். புது வகை பேரிங்கில் பல் இருக்காது, ஒரு பக்கம் காந்தப் பட்டை இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். தலைகீழாக அழுத்திவிட்டால் பேரிங் வீண். ஃபியூஸைப் பிடுங்கி விளக்கை அணைக்கச் சொல்லும் யோசனையைக் காதில் வாங்காதீர்கள்.

ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை

ஹேண்ட் பிரேக் சேர்ந்த பின் காலிபரில் பேட் மாற்றும்போது பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டே உள்ளே அழுத்த வேண்டும், அதற்கென்று ஒரு டூல் இருக்கிறது. முன் காலிபர் மாதிரி கிளாம்ப் போட்டு நேராக நசுக்கினால் உள்ளே இருக்கும் திருகு உடைந்து, ஹேண்ட் பிரேக் அதோடு போய்விடும். வாங்கிய பழைய காலிபரில் யாராவது ஏற்கெனவே அப்படிச் செய்திருக்கலாம். கடையிலேயே லிவரைக் கையால் இழுத்து, பிஸ்டன் நகர்கிறதா, விட்டால் லிவர் தன் இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். டிரம் கேபிள் டிஸ்க் காலிபருக்கு நீளத்தில் ஒத்துவராது, ஸ்போர்ட் மாடலின் கேபிள்தான் வேண்டும். கேபிளைத் தளர்வாக வைத்து, கால் பிரேக்கைப் பல தடவை மிதித்து, கடைசியாகக் கேபிளை இறுக்குவதுதான் வரிசை.

சக்கரம் ஏறவில்லை, அல்லது எங்கோ உரசுகிறது

இதை வாங்கும் முன்னரே பார்த்திருக்க வேண்டும். காலிபரின் வெளிமுகத்தில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, சக்கரத்தை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண் எங்கும் 3 மி.மீ.-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். உள்பக்கம் ஒட்டும் பேலன்ஸிங் ஈயத்துக்கும் இடம் வேண்டும்.

ஸ்டெப்னியை நான் மறந்திருந்தேன். மேலூரைத் தாண்டி ஒரு ராத்திரி முன் டயர் பஞ்சர். டிக்கியில் இருந்த 14 அங்குல இரும்புச் சக்கரத்தை எடுத்து மாட்டினால் காலிபரில் இடித்துக்கொண்டு நிற்கிறது. லாரிகள் காற்றடித்துக்கொண்டு போகின்றன, மனைவி டார்ச் பிடித்திருக்கிறாள், ஸ்டடில் நட்டு இரண்டு புரிகூட ஏறவில்லை. அப்போது என் வண்டியில் பின்னால் டிரம்தான். அதனால் பின் சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி, மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம். பின்னாலும் பெரிய டிஸ்க் போட்டிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். பிரேக் மாற்றுகிற அன்றைக்கே ஸ்டெப்னியையும் முன்னாலும் பின்னாலும் ஒருதடவை மாட்டிப் பாருங்கள்.

எல்லாம் மாற்றியும் மலை இறக்கத்தில் பிரேக் போகிறது

இதில் இரண்டு விதம். பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் வழுக்குகிறது. பெடலே தரைக்குப் போனால் ஆயில் கொதித்து நீராவியாகிவிட்டது. இரண்டாவது பயங்கரமானது, ஆனால் தவிர்க்க எளிது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரியாவது தாங்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரிதான் உறுதி. டாட் 3 என்றால் 205-ம் 140-ம். பெரிய டிஸ்க்குக்குக் கொடுத்த பணம் பழைய ஆயிலில் கரைந்துபோகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுங்கள், கடையில் சீல் உடைக்காத டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். டாட் 5 என்று எழுதியது சிலிக்கான், அதை இதோடு கலக்கக் கூடாது.

இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கைத் தடவிக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து முழுசாக விடுங்கள், விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பின்னால் டிஸ்க் இருந்தால் அந்தச் சூட்டில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். ஆற ஆற டிஸ்க் சுருங்கிப் பிடி தளரும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை வையுங்கள்.

காகித வேலையும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வேலையை ஆரம்பிக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள். கழற்றிய பழைய காலிபர், டிஸ்க், கேபிள் எதையும் விற்காதீர்கள். துணியில் சுற்றி, இடது வலது எழுதி, பரணில் வையுங்கள். என்னுடையவை அப்படித்தான் இருக்கின்றன.